ஈடிபஸ் அறியாமல்தானே செய்தான்? கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் கேட்கும் கேள்வி

கேள்வி இது: "ஈடிபஸ் தகப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. அதைத் தவிர்க்கத்தான் அவன் ஊரைவிட்டே ஓடினான். தெரியாமல் நடந்ததற்கு ஏன் தன் கண்களைத் தானே குத்திக்கொள்ள வேண்டும்? எல்லாம் விதி என்று முடிகிற கதையில் தத்துவத்துக்கு என்ன வேலை? புதிதாக வாசிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?"

முதலில் 'விதி' என்ற சொல்லை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். சொஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' மொத்தம் 1530 வரிகள். முதல் வரி தொடங்கும் முன்பே, விதிக்கப்பட்டது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஈடிபஸின் தகப்பனான தீப்ஸ் மன்னன் லாயஸ் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. தாயும் மனைவியுமான ஜொகாஸ்டாவுக்கும் ஈடிபஸுக்கும் நான்கு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். நம் கண்முன் நடப்பது ஒரே நாளின் விசாரணை. டெல்ஃபி கோவிலிலிருந்து ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன் கொண்டுவரும் தெய்வவாக்கு, லாயஸைக் கொன்றவனை நாட்டைவிட்டு அகற்றினால் அல்லது ரத்தத்துக்கு ரத்தம் வாங்கினால் ஊரைப் பிடித்த கொள்ளைநோய் தீரும் என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு அப்பால் 'நான் யார் பெற்ற பிள்ளை' என்று தோண்டிக்கொண்டே போவது ஈடிபஸின் சொந்தப் பிடிவாதம். எந்தத் தெய்வமும் அவனைத் தோண்டச் சொல்லவில்லை. ஜொகாஸ்டா 'உன் உயிர்மேல் அக்கறை இருந்தால் இதோடு விட்டுவிடு' என்று கெஞ்சுகிறாள். 'பயங்கரமானதைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன்' என்று கிழட்டு இடையன் தயங்கும்போது, 'நான் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டாக வேண்டும்' என்கிறான் ஈடிபஸ்.

உண்மை எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொல்ல வந்தவர் வாயிலிருந்துதான் வருகிறது. குறிசொல்லியின் பேச்சை நம்பாதே என்று தேற்றுவதற்காக ஜொகாஸ்டா பழைய கதையைச் சொல்கிறாள். அதில் 'மூன்று பாதைகள் கூடும் இடம்' என்று ஒரு சொல் விழுகிறது, ஈடிபஸுக்கு நெஞ்சு நின்றுபோகிறது: அப்படி ஓர் இடத்தில்தான் அவன் முன்பு ஒரு கிழவரைக் கொன்றிருந்தான். ஈடிபஸ் வளர்ந்த கொரிந்த் நகரத்துத் தூதன், 'தாயை மணந்துவிடுவோமோ என்று அஞ்சாதே, அவள் உன்னைப் பெற்றவளே அல்ல' என்று நல்ல செய்தியாக நினைத்துச் சொல்கிறான். கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லாமல் ஒரு குடும்பம் நாசமாகிறது.

இனி கண்கள். அரண்மனைக்குள் நடந்ததைச் சொல்ல வெளியே வரும் தூதன், 1230ஆம் வரியில் ஒரு வேறுபாட்டைக் குறிக்கிறான்: இப்போது நடந்த தீங்குகள் 'மனமறிந்து செய்தவை, மனமறியாமல் நேர்ந்தவை அல்ல'. ஈடிபஸே 1329ஆம் வரியில் தொடங்கிச் சொல்வது இன்னும் துல்லியம்: என் துன்பங்களை நிறைவேற்றியது அப்பலோ தெய்வம், ஆனால் கண்ணைக் குத்திய கை வேறு யாருடையதும் அல்ல, என் கைதான். ஆக நாடகத்துக்குள்ளேயே இரண்டு வகைச் செயல்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தெரியாமல் செய்த கொலையும் திருமணமும் ஒரு பக்கம். தெரிந்து செய்த தேடலும் தண்டனையும் மறுபக்கம்.

நம்முடைய குழப்பம், மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்பதால் வருகிறது. இதைச் செய்தது யார்? தெரிந்து செய்தாரா? செய்துவிட்ட பிறகு அவர்மேல் என்ன வந்து விழுகிறது? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் மூன்றாவதுக்கும் 'ஒன்றும் இல்லை' என்று நாம் எழுதிவிடுகிறோம். கிரேக்கர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் அறியாமல் செய்தவனைத் தண்டித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஏதென்ஸில் திட்டமிட்ட கொலைக்கு அரியோபாகஸ் மன்றம், மனமறியாக் கொலைக்குப் பல்லாடியோன் மன்றம், 'கொன்றேன், ஆனால் சட்டப்படி கொன்றேன்' என்று சொல்பவருக்கு டெல்ஃபீனியோன் மன்றம் என்று தனித்தனியே இருந்தன. பழைய சட்டகர்த்தா டிராக்கோவின் கொலைச் சட்டத்தைக் கி.மு. 409/408இல் மறுபடி கல்லில் பொறித்தார்கள், அந்தக் கல் இன்றும் ஏதென்ஸில் இருக்கிறது. அதில் சட்டம் தொடங்குவதே திட்டமிடாமல் கொன்றவனைப் பற்றித்தான். அவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இறந்தவரின் தகப்பன், சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் ஒப்பினால் திரும்பலாம், ஒருவர் மறுத்தாலும் முடியாது. அறியாமல் செய்தவன் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அவன் இறந்தவன் வீட்டாரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

இதற்கு அடியில் இருப்பது 'மியாஸ்மா' என்ற எண்ணம். தமிழில் 'தீட்டு' என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் தீட்டு பிறப்பைச் சார்ந்தது அல்ல, சிந்திய ரத்தத்தைச் சார்ந்தது. நோக்கம் எதுவென்று அது பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் பற்றும். தீப்ஸ் நகரத்துக் கொள்ளைநோய் அதுதான்.

அந்தக் காலத்து அறிவாளிகள் இதை எவ்வளவு நுணுக்கமாக விவாதித்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விளையாட்டுப் போட்டியில் ஒருவர் எறிந்த ஈட்டி பட்டு இன்னொருவர் இறந்துபோனார். காரணம் ஈட்டியா, எறிந்தவரா, போட்டியை நடத்தியவர்களா என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸும் தத்துவவாதி புரோட்டகோரஸும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஆன்ட்டிஃபோன் எழுதிய பயிற்சி வழக்குரைகளிலும் இதே போன்ற வழக்கு வருகிறது: எறிந்த சிறுவன் ஆட்டத்தின் விதிமுறைப்படி எறிந்தான், இறந்த சிறுவன்தான் குறுக்கே ஓடினான், அப்படியென்றால் கொன்றது யார்? ஈடிபஸ் நாடகத்தைப் பார்த்தவர்களில் பலர் நீதிமன்றங்களில் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள். 'அவன் அறியாமல் செய்தான்' என்பது அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

சொஃபோக்ளிஸே இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். 'கொலோனஸில் ஈடிபஸ்' அவருடைய கடைசி நாடகம்; அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் அதே பெயர்கொண்ட பேரன் மேடையேற்றினார். அதில் கிழவனாகிவிட்ட ஈடிபஸ் தன் வழக்கைத் தானே வாதாடுகிறான். 'உன்னை ஒருவன் கொல்ல வந்தால், நீ என் தகப்பனா என்று விசாரித்துக்கொண்டு நிற்பாயா, திருப்பி அடிப்பாயா?' என்று கிரியோனைக் கேட்கிறான். என் செயல்கள் நான் செய்தவை என்பதைவிட நான் பட்டவை என்கிறான். சட்டத்தின் முன் நான் சுத்தம் என்கிறான். வாதம் முழுக்க அவன் பக்கம். ஆனால் சற்று நேரத்தில், மகள்களை மீட்டுக்கொடுத்த ஏதென்ஸ் மன்னன் தீசியஸின் கையைப் பிடித்து முத்தமிடப் போனவன் சட்டென்று நிறுத்திக்கொள்கிறான்: தீமையின் கறை முழுக்கப் படிந்த ஒருவனைத் தொடும்படி உன்னை எப்படிக் கேட்பேன்? நீட்டிய கை பின்னால் போகிறது. வழக்கில் வென்றவன் கையை இழுத்துக்கொள்ளும் இந்த இடத்துக்கு ஈடான இன்னொரு இடத்தைத் துன்பியல் நாடகங்களில் காட்டுவது கடினம். நிரபராதி என்று நிரூபித்த பிறகும் ஒருவர்மேல் மிச்சம் நிற்பது என்ன? கிரேக்கத் துன்பியலின் தத்துவக் கேள்வி இதுதான் என்பது என் முடிவு. மற்ற நாடகங்கள் இதையே வேறு வேறு திசையிலிருந்து தொடுகின்றன.

இது வெறும் பழங்கால நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 20ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். எந்தத் தவறும் செய்யாமல் ஓட்டிவந்தவர், குறுக்கே வந்த குழந்தைமேல் ஏற்றிவிடுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவரின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது. 'உன் தவறு இல்லை' என்று நாம் அவரைத் தேற்றுவோம், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் அடுத்த நிமிடமே 'ஆமாம், என் தவறு இல்லை' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் நமக்கே அவரிடம் ஏதோ குறைகிறது என்று தோன்றும். குற்ற உணர்ச்சி வேறு, 'என் கையால் நடந்தது' என்ற உணர்ச்சி வேறு.

தமிழ் வாசகருக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கிரேக்கர்களின் 'மொய்ரா'வை ஊழ் என்று மொழிபெயர்த்தவுடன், நம் காதில் ஊழ்வினை என்றே ஒலிக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலன் ஏன் வெட்டுப்பட்டான் என்பதற்கு முற்பிறப்புக் கணக்கு ஒன்று உண்டு. பரதன் என்ற பெயரில் அவன் சங்கமன் என்ற வணிகனின் சாவுக்குக் காரணமானவன். கணக்கு நேராகிறது. ஈடிபஸுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. லாயஸின் பழைய குற்றத்தைப் பற்றிய கதைகள் கிரேக்கத்தில் இருந்தும், சொஃபோக்ளிஸ் இந்த நாடகத்தில் அவற்றைத் தொடவே இல்லை. 'மொய்ரா' என்றால் பங்கு. உனக்கு விழுந்த பங்கு. ஏன் உனக்கு விழுந்தது என்பதற்குப் பதில் இல்லாமல் விட்டதில்தான் நாடகத்தின் கடுமை இருக்கிறது. ஊழ்வினையைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பினால் மனது ஆறும், கேள்வி செத்துப்போகும்.

இதே மாதிரி கேள்வியைக் கொன்றுவிடும் இன்னொரு சொல் 'குணக்கேடு'. அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தில், துன்பியல் நாயகன் தீய குணத்தால் அல்ல, ஏதோ ஒரு 'ஹமார்த்தியா'வால் வீழ்கிறான் என்கிறார். பள்ளி, கல்லூரிக் குறிப்புகள் இதை 'நாயகனின் குறை' என்று ஆக்கி, ஈடிபஸுக்குக் கோபம், கிரியோனுக்கு அகந்தை என்று ஒட்டிவிடுகின்றன. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுவது. எய்த அம்பு இலக்கில் படாமல் போவது. தன் அறவியல் நூலின் 5ஆம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் எதிர்பாராத விபத்து, பிழை, அநீதி என்று மூன்றைப் பிரிக்கும்போது நடுவில் வருவதும் இந்தச் சொல்லின் உறவுதான். ஈடிபஸின் கோபம் அவனை வீழ்த்தவில்லை. யாரென்று தெரியாமல் அடித்தான் என்பதுதான் வீழ்த்தியது. பொறுமைசாலியாக இருந்து அவன் அடிக்காமல் விட்டிருந்தால் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தன்னைத் தடியால் தாக்கியவர்களைத் திருப்பித் தாக்குவது அந்தக் காலத்து மேடையில் யாருக்கும் குணக்கேடாகத் தெரிந்திராது.

அடுத்தது ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்', கி.மு. 458. இங்கே அறியாமை கிடையாது. ட்ராய் நகரத்தின்மேல் படையெடுத்துப் போகும் மன்னன் அகமெம்னானின் கப்பல்களுக்கு ஆலிஸ் துறைமுகத்தில் காற்று எதிராக நிற்கிறது. மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டால்தான் கப்பல்கள் நகரும் என்று குறிசொல்லி சொல்கிறான். 'கீழ்ப்படியாவிட்டால் பெருந்துயர், என் வீட்டின் செல்வத்தை வெட்டினாலும் பெருந்துயர், இதில் தீமை இல்லாதது எது?' என்கிறான் அகமெம்னான். இரண்டில் சிறிய தீமையைத் தேர்ந்தால் சரியானதைச் செய்ததாகிவிடுமா? தத்துவ வகுப்புகளில் பெரும்பாலும் ஆகும் என்றுதான் சொல்லித் தருவார்கள். ஈஸ்கிலஸ் 218ஆம் வரியில் எழுதுவது: அவன் 'அவசியம் என்ற நுகத்தின் வாரை அணிந்துகொண்டான்'. நுகம் அவசியத்தினுடையது, அணிந்தது அவன். ஒரே வரியில் கட்டாயமும் தேர்வும் ஒன்றாக நிற்கின்றன, எதையும் கழித்துவிட முடியாது. அணிந்த கணத்தில் அவன் மனக்காற்று திசை மாறுகிறது என்கிறது கோரஸ் (மேடையில் பாடி ஆடும் குழு). தயங்கியவன் எதற்கும் துணிந்தவனாகிறான். மகளை ஆட்டுக்குட்டியைப் போலத் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான், சாபச்சொல் வராதபடி வாயைக் கட்டச் சொல்கிறான். தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 1986இல் சுட்டிக்காட்டியது இந்த இடத்தைத்தான்: வேறு வழியில்லாமல் செய்ததை, வேறு வழியில்லாமல் செய்தவனாக அவன் செய்யவில்லை; மனதார விரும்பிச் செய்தவனாக மாறிவிட்டான். எனக்கு இந்த வாசிப்பில் பெரிதும் உடன்பாடு. செய்யக் கூடாததைச் செய்தே ஆக வேண்டிய நிலை வரலாம். அப்போதும் எப்படிப்பட்டவராக அதைச் செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

'அகமெம்னான்' தொடங்கிவைக்கும் முத்தொகுப்பின் கடைசி நாடகத்தில், அகமெம்னானைக் கொன்ற தன் தாயைப் பழிக்குப் பழியாகக் கொன்ற மகன் ஓரெஸ்டிஸுக்கு அரியோபாகஸில் விசாரணை நடக்கிறது. வாக்குகள் சமமாக விழுகின்றன, சமம் என்றால் விடுதலை. பழிவாங்கலின் இடத்துக்குச் சட்டம் வந்துவிட்டது என்று இதை எளிதாகப் புகழ்வார்கள். ஆனால் அங்கே அப்பலோவின் முக்கிய வாதம், தாய் உண்மையில் பெற்றவளே அல்ல, விதையைக் காப்பவள் மட்டும் என்பது. மோசமான வாதம், பாதி நடுவர்களை அது அசைக்கவும் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு நூறு வரிகளுக்கு மேல் தேவி ஏதீனா பழிதேவதைகளைச் சமாதானப்படுத்தப் பேச வேண்டியிருக்கிறது. தோற்ற தரப்புக்கு நகரத்தில் மதிப்பான இடம் கொடுத்த பிறகே கதை முடிகிறது. இங்கேயும் தீர்ப்பு மிச்சத்தைத் தீர்க்கவில்லை.

'ஆன்டிகனி'யைப் பற்றிப் பேசாமல் முடியாது, ஆனால் அதிகம் கெடுக்கப்பட்ட நாடகமும் அதுதான். சொந்த நாட்டின்மேல் படையெடுத்து வந்து செத்த சகோதரனை, மன்னன் கிரியோனின் தடையை மீறிப் புதைக்கிறாள் ஈடிபஸின் மகள் ஆன்டிகனி; கிரியோன் அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். ஒரு பக்கம், சர்வாதிகாரியை எதிர்த்த வீரப்பெண் என்ற சுவரொட்டி. மறுபக்கம், குடும்பத்தின் நியாயமும் அரசின் நியாயமும் மோதின, இரண்டும் சமம் என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் பெயரால் சொல்லப்படும் சூத்திரம். நாடகத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தால் இரண்டும் நழுவுகின்றன. கிரியோனின் முதல் பேச்சு கொடுங்கோலனின் பேச்சு அல்ல. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுமில்லாதவன் என்ற அந்தப் பேச்சை, கி.மு. 343இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமொஸ்தனிஸ் நீதிமன்றத்தில் நல்ல அரசியல்வாதிக்கு இலக்கணமாக வாசித்துக் காட்டவைத்தார். துரோகியை நாட்டு மண்ணில் புதைக்கக் கூடாது என்பது ஏதென்ஸின் சட்டமும்கூட. ஆனால் ஏதென்ஸ் உடலை எல்லைக்கு வெளியே போட்டது. வெளியே கொண்டுபோய்ப் புதைத்துக்கொள்ள வழி இருந்தது. கிரியோன் உடலை ஊருக்கு முன்னால் நாய்க்கும் பறவைக்கும் போட்டு, யாரும் தொடாதபடி காவல் வைக்கிறான். குறிசொல்லி டைரீசியஸ் வந்து சொல்வதில் சமநிலை எதுவும் கிடையாது: மேலே இருக்க வேண்டியவளைக் கீழே அடைத்தாய், கீழே போக வேண்டியவனை மேலே வைத்தாய். தவறு கிரியோனுடையது என்று நாடகம் தெளிவாகவே சொல்கிறது.

அப்படியென்றால் ஆன்டிகனி முழுக்கச் சரியா? 904ஆம் வரியிலிருந்து அவள் சொல்வது வாசகர்களைத் திகைக்க வைத்திருக்கிறது. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொருவன், பிள்ளை போனால் இன்னொன்று, பெற்றோர் செத்த பிறகு இன்னொரு சகோதரன் பிறக்க மாட்டான் என்கிறாள். தெய்வங்களின் எழுதாச் சட்டம் என்று முழங்கியவளா இப்படிப் பேசுகிறாள்? இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்று ஜெர்மன் கவிஞர் கெதே 1827இல் சொன்னார். ஆனால் அரிஸ்டாட்டில் இந்த வரிகளை மேற்கோள் காட்டுகிறார். அவர் காலத்திலேயே இவை நாடகத்தில் இருந்தன. இவற்றை நீக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். பொதுவிதிக்காகச் சாவதாகச் சொன்னவள், சாவின் வாசலில் தன்னுடைய காரணம் ஒரே ஒரு மனிதன் என்று கண்டுகொள்கிறாள். சரியான செயலுக்கு நாம் சொல்லும் காரணமும் உண்மையான காரணமும் ஒன்றாக இருந்தாக வேண்டுமா?

கிரியோன் மனம் மாறிய பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். கோரஸ் சொல்லும் வரிசை: முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. கிரியோன் முதலில் பிணத்தைக் கழுவி எரித்து மேடு எழுப்பிவிட்டு, பிறகு குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். கடைசி வரை அவனுக்குச் செத்தவனோடுதான் கணக்கு.

இந்த நாடகத்தின் புகழ்பெற்ற மனிதப் பாடல், 'தெய்னா' பல உண்டு, மனிதனைவிடத் 'தெய்னோன்' எதுவும் இல்லை என்று தொடங்கும். 'அற்புதம்' என்று மொழிபெயர்த்தால் மனிதப் புகழ்ச்சி. 'கொடியது' என்று போட்டால் எச்சரிக்கை. கிரேக்கச் சொல்லில் இரண்டும் உண்டு. பலர் இதைப் பெயர்க்க முடியாது என்பார்கள், ஆனால் நம் பேச்சுவழக்கில் சொல் இருக்கிறது: 'பயங்கரமான ஆளு' என்கிறோமே, அது.

யூரிப்பிடிஸின் 'மெடியா' கி.மு. 431இல் மூன்றாம் இடம் பெற்றது. தன்னைக் கைவிட்ட கணவன் யாசோனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளைக் கொல்லும் முன் மெடியா சொல்கிறாள்: எவ்வளவு பெரிய தீங்கு செய்யப் போகிறேன் என்று தெரிகிறது, ஆனால் என் யோசனைகளைவிட என் 'தூமோஸ்' வலியது. தூமோஸ் என்பது சினம், ரோஷம், நெஞ்சின் கொதிப்பு எல்லாம் கலந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த 'ஹிப்பாலிடஸ்' நாடகத்தில் ஃபீட்ராவும் நல்லது எது என்று நமக்குத் தெரியும், செய்துமுடிக்கத்தான் முடியவில்லை, சிலர் சோம்பலால், சிலர் இன்பத்தால் என்கிறாள். தெரிந்தே யாரும் தீமை செய்வதில்லை, செய்தால் உண்மையில் தெரியவில்லை என்று பொருள் என்று சாக்ரடீஸ் அதே நகரத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் தன் நூல் ஒன்றில் 'மெடியா'வை ஏறக்குறைய முழுவதுமாக மேற்கோள் காட்டிவிட்டதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. பின்னால் வந்த ஸ்டோயிக் எபிக்டீட்டஸ், அவள் தவறாகக் கணித்தவள், குருடியைப் போல இரக்கத்துக்குரியவள் என்றார். நாடகம் இதற்கு இடம் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. மெடியா கணக்கில் தவறவே இல்லை. பிள்ளைகள் இறந்தால் யாசோனுக்கு எவ்வளவு வலிக்கும், தனக்கு எவ்வளவு வலிக்கும் என்று இரண்டையும் சரியாக அளந்துதான் செய்கிறாள். அறிவு தடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அவள் பெரிய இடறல்.

இவ்வளவு துயரத்தைப் பார்ப்பதில் எப்படி இன்பம் வருகிறது? பிளேட்டோ 'குடியரசு' 10ஆம் புத்தகத்தில் கேட்கும் இந்தக் கேள்வி, தணிக்கைக்காரரின் கேள்வி மட்டும் அல்ல. நம்மில் சிறந்தவர்களும் மேடையில் நாயகன் அழும்போது அவனோடு கரைந்து மகிழ்கிறோம், சொந்தத் துயரில் அடக்கிவைக்கும் அதே பகுதிக்கு அங்கே தீனி போடுகிறோம் என்கிறார். அவர் கதவை முழுவதும் சாத்தவும் இல்லை. கவிதைக்காக யாராவது உரைநடையில் வாதாடினால் கேட்போம் என்கிறார். அரிஸ்டாட்டிலின் இரக்கம், அச்சம், 'கத்தார்சிஸ்' (அந்த உணர்ச்சிகள் கழுவப்படுவது) எல்லாம் அந்த அழைப்புக்கு வந்த பதில் என்று கொள்ளலாம். கத்தார்சிஸ் துன்பியலின் விளைவாக 'கவிதையியலில்' ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, விளக்கமும் இல்லை. அதைச் சாவியாக வைத்து எல்லா நாடகத்தையும் திறக்கப் பார்ப்பதில் பயன் குறைவு. அதைவிட ஏதென்ஸின் நடைமுறையே அதிகம் சொல்கிறது. கி.மு. 494இல் ஏதென்ஸின் உறவு நகரமான மிலீட்டஸ் பாரசீகர்களிடம் விழுந்தது. நாடகாசிரியர் ஃபிரினிகஸ் அதை நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம், நாடகத்துக்கும் தடை. கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தில், எட்டு ஆண்டுக்கு முன் தங்கள் ஊரை எரித்த எதிரியின் தாயை மேடையேற்றி அழவைத்தார். பரிசு கொடுத்தார்கள். தூரம் வேண்டியிருந்தது. அந்தத் தூரத்தில் எதிரிக்காகவும் அழ முடிந்தது.

இனி வாசிக்கும் முறை. 'ஈடிபஸ் மன்னன்', பிறகு 1353 வரி 'ஆன்டிகனி', பிறகு 'மெடியா'. 'அகமெம்னான்' 1673 வரி, அதன் கோரஸ் பாடல்கள் கடினம். அதை நான்காவதாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாடகம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடியும். முதல் வாசிப்பை ஒரே மூச்சில், அடிக்குறிப்பு பார்க்காமல் முடிக்க வேண்டும். இரண்டாவது வாசிப்பில் ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொருவரும் எந்த வரியில் எதை அறிகிறார், எதை மறைக்கிறார், எதை விரும்புகிறார் என்று வரி எண்ணோடு எழுதினால் பாதித் தத்துவம் அதிலேயே வந்துவிடும். ஈடிபஸில் இதைச் செய்பவருக்கு ஒன்று தட்டுப்படும்: லாயஸைக் கொன்றது ஒருவனா பலரா என்பதில்தான் தன் வழக்கே இருக்கிறது என்று ஈடிபஸ் சொல்கிறான், அதற்காகவே அன்று தப்பிப் பிழைத்த இடையனை அழைக்கிறான். இடையன் வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

அடிக்கடி நடக்கும் பிழை, கோரஸின் வாயை ஆசிரியரின் வாயாக எடுத்துக்கொள்வது. கோரஸ் என்பது சொஃபோக்ளிஸ் காலத்தில் 15 பேர். ஒரு நாடகத்தில் ஊர்ப் பெரியவர்கள், இன்னொன்றில் அடிமைப் பெண்கள், பயப்படுவார்கள், மாற்றிப் பேசுவார்கள். 'துன்பத்தால் கற்றல்' என்ற ஈஸ்கிலஸின் வரியைத் தனியே பிடுங்கிப் பலகையில் எழுதுகிறார்கள். அதைப் பாடுவது ஒரு சிறுமி பலியானதை நினைத்து நடுங்கும் கிழவர்கள், அந்த நாடகத்தில் துன்பப்பட்டு யார் என்ன கற்றார் என்று தேடினால் விடை லேசில் கிடைக்காது. இன்னொரு பிழை மொழிபெயர்ப்பில் வருவது. மூலத்தில் இல்லாத 'பாவம்', 'விதி', 'குற்றம்' எல்லாம் புகுந்திருக்கும். இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஈடிபஸ் 1230, அகமெம்னான் 218, ஆன்டிகனி 332, மெடியா 1079 ஆகிய நான்கு வரிகளை மட்டும் ஒப்பிட்டால் எந்த மொழிபெயர்ப்பாளர் எதை நம்புகிறார் என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவதாக 'ஃபிலொக்டீட்டஸ்'. 80 வயதைத் தாண்டிய சொஃபோக்ளிஸ் கி.மு. 409இல் எழுதி முதல் பரிசு வாங்கிய நாடகம். ஆறாப் புண்ணோடு தீவில் விடப்பட்ட ஒருவனிடமிருந்து அவன் வில்லைப் பொய் சொல்லி வாங்கிவிடுகிறான் இளைஞன் நியோப்டொலிமஸ். வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வருகிறான். பின்னாலேயே, அவனை இதற்கு ஏவிய ஒடிசியஸ் ஓடிவந்து, ஏன் இவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய் என்று கத்துகிறான். முன்பு நான் பிழைத்ததை அவிழ்க்கப் போகிறேன் என்கிறான் இளைஞன். அவன் சொல்லும் வினைச்சொல் ஹமார்த்தியாவின் வினை. வில் இன்னும் அவன் கையில் இருக்கிறது, அம்பு யார்மேலும் பாயவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.